அப்புச்சி வீட்டுக் குழுவில் ஒரு வெள்ளிக்கிழமை

காலை 7:40

திருப்பூர் அண்ணன்: அம்மிணி, போன வாரம் நீ அனுப்பிய பாட்டைத்தான் கம்பெனிக்குப் போகும்போதும் வரும்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யார் இவர்கள்? பெயரே கேள்விப்பட்டதில்லை. என் ஸ்பாட்டிஃபையில் சுற்றிச் சுற்றி அதே நாற்பது பாட்டுத்தான் வருகிறது.

நான்: தி எஃப்16ஸ் என்று சென்னை பேண்ட் அண்ணா. ஆங்கிலத்தில் பாடுவார்கள். பத்து வருடத்துக்கு மேலாக வாசிக்கிறார்கள்.

ஈரோட்டு மாமா: டிவியிலும் வருவதில்லை, எஃப்எம்மிலும் வருவதில்லை. நீ எங்கே பிடிக்கிறாய் இதையெல்லாம்?

நான்: வெள்ளிக்கிழமை காலையில் பஸ்ஸில் உட்கார்ந்து தேடுவேன் மாமா. இப்போதும் பஸ்ஸில்தான் இருக்கிறேன். உலகம் முழுக்கப் புதுப் பாட்டு வெளியாகிற நாள் வெள்ளி. 2015 ஜூலை வரைக்கும் அமெரிக்காவில் செவ்வாய், இங்கிலாந்தில் திங்கள் என்று ஊருக்கு ஒரு நாளாக இருந்தது. ஒரு இடத்தில் வந்த ஆல்பம் இன்னொரு இடத்துக்கு வருவதற்குள் திருட்டுக் காப்பி ஓடிவிடும். அதனால் எல்லோரும் சேர்ந்து வெள்ளி என்று வைத்துக்கொண்டார்கள்.

ஈரோட்டு மாமா: நம்ம செவ்வாய்ச் சந்தை மாதிரி.

நான்: அதேதானுங்க மாமா. சந்தைக்கு வருகிறவர்கள் முதல் வரிசைக் கடையோடு திரும்பிவிட்டால் பின்னால் இருக்கிறவர் கொண்டுவந்த நல்ல துணி யார் கண்ணிலும் படாது இல்லையா? பாட்டிலும் அப்படித்தான் நடக்கிறது. ஸ்பாட்டிஃபையில் ரிலீஸ் ரேடார் என்று ஒரு பட்டியல் வெள்ளிதோறும் மாறும். நாம் ஃபாலோ செய்கிறவர்களும் அடிக்கடி கேட்கிறவர்களும் புதிதாக ஏதாவது விட்டால் அதில் வந்து விழும். அண்ணா, நீ எத்தனை பேரை ஃபாலோ செய்கிறாய்?

திருப்பூர் அண்ணன்: இரு, பார்க்கிறேன்.

திருப்பூர் அண்ணன்: மூன்று பேர். மூன்றும் சினிமா இசையமைப்பாளர்கள்.

நான்: அப்புறம் அது வேறு யாரைக் காட்டும்? நான் பாட்டைத் தேடுவதே இல்லை அண்ணா, ஆளைத் தேடுவேன். ஒரு பாட்டுப் பிடித்தால் அந்த மூன்று புள்ளியைத் தொட்டு கிரெடிட்ஸ் பார்ப்பேன். யார் வாசித்தது, யார் புரொட்யூசர் என்று இருக்கும். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு அடுத்த பேண்டுக்குப் போவேன். குரங்கன் என்று ஒரு தமிழ் பேண்ட், கபேர் வாசுகியும் டென்மாவும் சேர்ந்து செய்தது. அதைக் கேட்டுவிட்டு டென்மாவின் பெயரைப் பிடித்துப் போனால் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறியவர்கள். கானா, ராக், ராப் மூன்றும் அதில் ஒன்றாக நிற்கும். அங்கே ஏகப்பட்ட பாடகர்கள், வாசிப்பவர்கள். ஒவ்வொருவரும் தனியாக என்ன செய்கிறார்கள் என்று பார்க்கவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

கோபி அப்புச்சி: (குரல் பதிவை ஈரோட்டு அத்தை எழுத்தில் போடுகிறேன்) "இலங்கை வானொலியில் பாட்டுப் போடுவதற்கு முன்னால் படம் எது, பாடியது யார், இசை யார், எழுதியது யார் என்று எல்லாம் சொல்வார்கள் சாமி. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் எங்களுக்குப் பேரெல்லாம் தெரியும். இப்போது பாட்டு மட்டும் வருகிறது, பேரு வருவதில்லை."

நான்: ஆமாங்க அப்புச்சி. நான் தேடுவது அந்தப் பெயர்களைத்தான்.

பொள்ளாச்சி பெரியம்மா: கண்ணு, எங்களுக்குச் சென்னையைவிடப் பாலக்காடு பக்கம். மலையாளத்தில் இப்படி உண்டா?

நான்: நிறைய உண்டு பெரியம்மா. அவியல் என்று ஒரு பேண்ட், 2008இல் அதே பெயரில் ஆல்பம் போட்டார்கள். மலையாளத்தில் முழு ராக். கேட்டுப் பாருங்கள், கிட்டார் சத்தத்துக்கு அடியில் நாட்டுப்புற மெட்டு ஓடும்.

பகல் 1:15

திருப்பூர் அண்ணன்: சாப்பாட்டு நேரம். ஸ்பாட்டிஃபை தவிர வேறு எங்கே பார்ப்பாய்?

நான்: பேண்ட்கேம்ப். என் நேரம் பாதி அங்கேதான் போகும். பேண்டுகளே தங்கள் ஆல்பத்தை விலை வைத்து விற்கிற தளம். டிஜிட்டல் ஆல்பம் 100 ரூபாய்க்கு விற்றால் தளம் 15 எடுத்துக்கொள்ளும், பணம் அனுப்புகிற செலவு போக மிச்சம் பேண்டுக்கு. 2020 மார்ச்சில் கொரோனாவால் கச்சேரியெல்லாம் நின்றபோது, சில வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் வேண்டாம் என்று விட்டார்கள். என் கார்டு முதலில் ஓடவில்லை. வெளிநாட்டுப் பரிவர்த்தனையை பேங்க் ஆப்பில் திறந்துவிட்ட பிறகு சரியானது.

நான்: அதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். ஆல்பத்தின் அட்டைக்குப் பக்கத்தில் குட்டிக் குட்டிப் படங்கள் வரிசையாக இருக்கும். காசு கொடுத்து வாங்கியவர்களின் படம் அது. சிலர் எந்தப் பாட்டுப் பிடித்தது, ஏன் பிடித்தது என்று இரண்டு வரி எழுதியிருப்பார்கள். ஒரு படத்தைத் தொட்டால் அவர் இதுவரை வாங்கிய ஆல்பம் எல்லாம் விரியும். நம் ரசனைக்குப் பொருந்துகிற ஒரு ஆள் கிடைத்துவிட்டால் போதும், அவர் வாங்கியதில் பத்தைக் கேட்டால் நான்காவது நமக்குப் பிடித்துவிடும். அவரையும் ஃபாலோ செய்யலாம்.

நான்: அப்படி ஒரு ராத்திரி தொட்டுத் தொட்டுப் போய் நியூசிலாந்தில் டனீடன் என்ற ஊரில் நின்றேன். தெற்குத் தீவின் தென்கிழக்குக் கரை. ஒரு லட்சத்துச் சொச்சம் பேர்தான். நம்ம ஈரோட்டைவிடச் சின்ன ஊர். 1981இல் கிறைஸ்ட்சர்ச்சில் ஃபிளையிங் நன் என்று ஒரு சின்ன லேபிள், அதாவது ஆல்பம் வெளியிடுகிற கம்பெனி, ஆரம்பித்தார்கள். டனீடனின் தி கிளீன், தி சில்ஸ், தி வெர்லெய்ன்ஸ் எல்லாம் அதில்தான் வந்தார்கள். 1982இல் நான்கு டனீடன் பேண்டுகளை ஒரே வெளியீட்டில் சேர்த்துப் போட்டார்கள். பதிவு செய்தது நான்கு டிராக் டேப் மெஷினில். பெரிய ஸ்டூடியோ கிடையாது. ஆனால் அந்தக் கிட்டார் சத்தத்துக்கு இன்றைக்கும் டனீடன் சவுண்ட் என்று ஊர் பேரையே சொல்கிறார்கள். அதிலிருந்து லேபிளையும் ஃபாலோ செய்கிறேன். ஒரு சின்ன லேபிளில் இரண்டு ஆல்பம் பிடித்தால் மூன்றாவதையும் நம்பிக் கேட்கலாம்.

கோபி அப்புச்சி: (அத்தை எழுத்தில்) "ஊரு சின்னதாக இருந்தால் என்ன சாமி? கோயம்புத்தூரில் சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜாவும் இருந்த காலத்தில் படமும் பாட்டும் இங்கேயேதான் எடுத்தார்கள். மெட்ராஸிலிருந்து ஆட்கள் இங்கே வந்து தங்கி வேலை செய்தார்கள்."

பொள்ளாச்சித் தம்பி: அக்கா.

பொள்ளாச்சித் தம்பி: ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் காலேஜில் நான்கு பேர் சேர்ந்து ஒரு பேண்ட் வைத்திருக்கிறோம். நான் டிரம்ஸ். போன வருடமே ஒரு பாட்டுப் போட்டோம். இரண்டாவது பாட்டு வருகிற வெள்ளி.

பொள்ளாச்சி பெரியம்மா: என்னிடம் சொல்லவே இல்லையே சாமி?

பொள்ளாச்சித் தம்பி: நன்றாக வந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன் அம்மா. முதல் பாட்டை மொத்தம் 312 முறைதான் கேட்டிருக்கிறார்கள்.

நான்: இரண்டு பாட்டையும் இங்கேயே அனுப்பு.

பகல் 1:52

நான்: இரண்டாவதை மூன்று தடவை கேட்டேன். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் டிரம்ஸ் நின்றுபோய் ஒரு சத்தம் மட்டும் தட் தட் தட் என்று வருகிறதே, பிறகு அந்தத் தாளத்திலேயே பேஸ் கிட்டார் ஏறுகிறது. என்ன அது?

பொள்ளாச்சித் தம்பி: தறி. மாமா குடோனில் பதிவு செய்தது.

ஈரோட்டு மாமா: ஆடி நோன்புக்கு வந்தபோது ஓடுகிற தறிக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு நின்றது இதற்குத்தானா மாப்ள!

பொள்ளாச்சித் தம்பி: ஆமாங்க மாமா. மூன்றாவது தறி. அதுதான் ஒரே வேகத்தில் ஓடும்.

ஈரோட்டு மாமா: அதைப் போன மாதம்தான் சர்வீஸ் செய்தேன். இரு, ஹெட்போன் போட்டுக் கேட்கிறேன்.

நான்: தம்பி, வருகிற வெள்ளி வேண்டாம், தேதியைத் தள்ளிப் போடு. ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸில், அதுதான் பாட்டுப் போடுகிறவர்களுக்கான பக்கத்தில், பாட்டைப் பிட்ச் செய்துவிட்டாயா? இந்தப் பாட்டு வரப்போகிறது, பட்டியலில் சேருங்கள் என்று முன்கூட்டியே கேட்பதைச் சொல்கிறேன்.

பொள்ளாச்சித் தம்பி: இல்லை அக்கா. பாட்டை ஸ்பாட்டிஃபைக்கு அனுப்பிவைக்கிற டிஸ்ட்ரிப்யூட்டரில் ஏற்றியதே நேற்றுத்தான்.

நான்: அங்கே போய்ச் சேரவே சில நாள் ஆகும். வெளியாவதற்கு ஏழு நாளாவது முன்னால் பிட்ச் செய்தால்தான் உங்களை ஃபாலோ செய்கிறவர்களின் ரிலீஸ் ரேடாரில் உங்கள் பாட்டு உறுதியாக வரும். வெளியான பாட்டை அப்புறம் பிட்ச் செய்யவே முடியாது. மூன்று வாரம் தள்ளு. பேண்ட்கேம்பிலும் ஒரு பக்கம் திற. தறி எந்த ஊர்த் தறி என்று எழுது, கிரெடிட்ஸில் நான்கு பேர் பெயரும் இருக்கட்டும். தேடுகிறவர்கள் அந்த வழியாகத்தான் வருவார்கள்.

திருப்பூர் அண்ணன்: 312 முறைக்கு எவ்வளவு காசு வந்தது தம்பி?

நான்: ஒன்றும் வந்திருக்காது அண்ணா. 2024லிருந்து 12 மாதத்தில் ஒரு பாட்டை ஆயிரம் தடவையாவது கேட்டிருந்தால்தான் ஸ்பாட்டிஃபை அதற்கு ராயல்டி கணக்கே போடும். சின்ன பேண்டுகளுக்கு இது பெரிய அநியாயம். ஆயிரம் என்பது நமக்குச் சின்ன எண், அவர்களுக்கு அது மலை. அதனால்தான் பிடித்த பாட்டைச் சும்மா கேட்டுவிட்டு விடக் கூடாது என்கிறேன். ஃபாலோ செய்யுங்கள், சேவ் செய்யுங்கள், முடிந்தவர்கள் வாங்குங்கள்.

ஈரோட்டு மாமா: கேட்டேன். தறி நின்று பாட்டு எழும்புகிற இடத்தில் மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. குடோனில் எல்லோருக்கும் போட்டுக் காட்டப் போகிறேன் மாப்ள.

பொள்ளாச்சி பெரியம்மா: நான் நான்கு தடவை கேட்டுவிட்டேன். பாடுகிற பையன் யார் கண்ணு? வீட்டுக்குக் கூட்டி வா.

பொள்ளாச்சித் தம்பி: சரிங்கம்மா. அக்கா, வெளியீட்டை மூன்று வாரம் தள்ளிவிட்டேன்.

இரவு 8:30

பொள்ளாச்சித் தம்பி: காலையில் எங்களுக்கு 11 ஃபாலோயர். இப்போது 17.

கோபி அப்புச்சி: (அத்தை எழுத்தில்) "அந்தப் பொத்தான் எனக்குச் சிக்கவில்லை சாமி. ஞாயிற்றுக்கிழமை வந்து போட்டுக் கொடு."

பொள்ளாச்சித் தம்பி: சரிங்க அப்புச்சி. நல்ல ஹெட்போனும் எடுத்து வருகிறேன்.