டாஃப்னி 4: மீள்அழைப்பு முடியும் என்று நிறுவ மறுக்குது

வந்தாறுமூலை மாணவன்:
அண்ணாமாரே, டாஃப்னியில் (நிரல் சரியா என்று நிறுவிப் பார்க்கும் நிரல்மொழி) பொதுக் காரணிகளுட் பெரியது காண ஒரு ஃபங்ஷன். (எக்ஸ், வை) தன்னையே (வை, எக்ஸ்÷வை மீதி) என்று அழைக்கும். இந்த அழைப்பு எப்பவாவது நிற்கும் என்று நிறுவேலாதாம். ஒவ்வோர் அழைப்பிலும் எது குறையுது என்று சொல்லும் 'டிக்ரீசஸ்' வரியில் 'டிக்ரீசஸ் *' என்று போடலாமா? பழைய கோப்புகளில் 'ஃபங்ஷன் மெத்தட்'டும் வழுக் காட்டுது.

களுவாஞ்சிகுடி:
தம்பி, நட்சத்திரம் வேணாம். அது நிறுவலையே கைவிடுறது. ஃபங்ஷனுக்கு ஏற்கவும் மாட்டாது. நீங்க ஒன்றும் எழுதாட்டி டாஃப்னி பராமீற்றர்களை வரிசைப்படி ஒப்பிடும். (6, 15) அடுத்து (15, 6) ஆகும். முதல் எண் ஏறுது, அங்கதான் பிழைக்குது. 'டிக்ரீசஸ் வை' எழுதுங்க. இரண்டும் 'நாட்' (0உம் அதற்கு மேற்பட்ட முழு எண்களும்) வகையாக இருந்தால் மீதி எப்பவும் 'வை'யை விடச் சிறிது. 'வை' 0 ஆனால் 'எக்ஸ்'ஸைத் திருப்பி அனுப்புங்க.

அக்கரைப்பற்று:
முன்பு வெறும் 'ஃபங்ஷன்' நிறுவலுக்கு மட்டும், ஓடும் நிரலாகத் தொகுக்கப்படுவது 'ஃபங்ஷன் மெத்தட்'. 4இல் வெறும் 'ஃபங்ஷன்' தொகுக்கப்படும், நிறுவலுக்கு மட்டுமானது 'கோஸ்ட் ஃபங்ஷன்'. நல்ல மாற்றம். பழைய வெறும் 'ஃபங்ஷன்'களுக்கு முதலில் 'கோஸ்ட்' சேருங்க, பிறகே 'மெத்தட்' சொல்லை எடுங்க. மாறிச் செய்தால் இரண்டையும் பிரிக்கேலாது.