மில்லிகெல்வின் டிடெக்டர் குழுவில் சேர்ந்தால் இயற்பியல் மிஞ்சுமா?

கேட்டவர்: முகில்

எம்.எஸ்சி. இயற்பியல், கடைசிப் பருவம். பிஎச்.டி.க்கு இரண்டு குழுக்கள் கூப்பிடுகின்றன. ஒன்று, துகள் மோதல் தரவுகளை அலசும் குழு. முழுக்கக் கணினி வேலை. மற்றது மில்லிகெல்வின் குளிரில், அதாவது தனிச்சுழி வெப்பநிலைக்கு ஒரு டிகிரியில் ஆயிரத்தில் சில பங்கே மேலே, இயங்கும் டிடெக்டர் கட்டும் குழு. மனசு இரண்டாவதில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே உள்ள சீனியர், "முதல் இரண்டு வருஷம் பம்ப், குழாய், லீக் டெஸ்ட், இதோடு சரி" என்கிறார். கடைசியில் இயற்பியலாளனாக வெளியே வருவேனா, ஃபிரிட்ஜ் மெக்கானிக்காகவா?

கணிக்காரன்:

முதலாவதையே எடுங்கள். புரோகிராமிங் கைவந்தால், ஆராய்ச்சி சரிவராவிட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம். குழாய் மாட்டத் தெரிந்தவருக்கு யார் வேலை தருவார்?

பழைய கிரையோஸ்டாட்:

2008 செப்டம்பரில், ஜெனீவா அருகே உள்ள துகள் மோதல் இயந்திரமான எல்.எச்.சி.யில், காந்தங்களுக்கு இடையிலான ஒரு மின் இணைப்பு பழுதாகி, டன் கணக்கில் ஹீலியம் சுரங்கத்துக்குள் கொட்டியது. 2009 நவம்பர் வரை கற்றை ஓடவில்லை. தரவு அலச உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் அந்த ஒரு வருஷமும் குழாய்க்காரர்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கணிக்காரன்.

முகில், நான் திரவ ஆர்கான் நிரப்பிய டிடெக்டரில் ஆரம்பித்து மில்லிகெல்வினுக்கு வந்தவன். ஆர்கான் கொதிப்பது 87 கெல்வினில்; எங்கள் ஆட்களுக்கு அது வெயில் காலம். அங்கே தலைவலி குளிர் அல்ல, சுத்தம். துகள் உதிர்த்துவிட்டுப் போகும் எலக்ட்ரான்கள், சென்டிமீட்டருக்கு 500 வோல்ட் மின்புலத்தில், மைக்ரோவினாடிக்கு 1.6 மில்லிமீட்டர்தான் நகரும். 3.5 மீட்டர் தாண்ட இரண்டு மில்லிவினாடிக்கு மேல் ஆகும். நூறு கோடியில் ஒரு பங்கு ஆக்சிஜன் கலந்திருந்தாலே பெரும்பாலானவற்றை வழியில் விழுங்கிவிடும். வடிகட்டியைப் பார்த்துக்கொள்பவர்தான் அங்கே சிக்னலையும் பார்த்துக்கொள்கிறார்.

மில்லிகெல்வினில் இந்த உறவு இன்னும் நெருக்கம். படிகத்தின் வெப்பக் கொள்ளளவு, குளிரக் குளிர, வெப்பநிலையின் முப்படியில் சரிகிறது; அதனால் துளி ஆற்றல் விழுந்தாலே அளக்கும் அளவுக்குச் சூடு ஏறும். இத்தாலியில் கிரான் சாசோ மலைக்கு அடியில் குவோரே சோதனையில் 988 டெல்லூரியம் டை-ஆக்சைடு படிகங்களை, மொத்தம் 742 கிலோ, 10 மில்லிகெல்வின் பக்கம் வைத்திருக்கிறார்கள். அந்தக் குளிரில் 1 எம்.இ.வி. (பத்து லட்சம் எலக்ட்ரான்வோல்ட்) ஆற்றல் விழுந்தால் ஒரு படிகம் சுமார் 0.1 மில்லிகெல்வின் சூடாகும். அளப்பது அதைத்தான். அப்படியானால் வாயுவைத் துடிக்கவைத்துக் குளிரூட்டும் பல்ஸ் டியூப் குளிர்விப்பானின் அதிர்வு படிகத்தை எட்டினால்? அதுவும் சூடுதான், அதுவும் சிக்னலில்தான் ஏறும். அங்கே பல்ஸ் டியூப்களின் துடிப்புகளை ஒன்றுக்கொன்று கட்டம் தள்ளிவைத்து, அதிர்வுகள் தங்களுக்குள்ளேயே தணிந்துபோகும்படி செய்தார்கள். இது மெக்கானிக் வேலையா, இயற்பியலா? எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

லீக் டெஸ்ட்டையும் லேசாக எண்ணாதீர்கள். மூட்டை அடைக்கும் இண்டியம் கம்பி மெத்தென்ற உலோகம், நகம் பட்டாலே பள்ளம் விழும். அதை இரண்டு ஃபிளேஞ்சுக்கு (மூட்டின் விளிம்புத் தட்டு) நடுவே வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். சற்று விட்டுப் பார்த்தால் இண்டியம் பரவி போல்ட் தளர்ந்திருக்கும். மறுபடி ஒரு சுற்று. அப்புறம் ஹீலியத்தை மேல் மூட்டிலிருந்து கீழாக ஊதிக்கொண்டே வரணும்; ஒழுகும் மூட்டில் அது உள்ளே போனால் கருவி காட்டிக்கொடுக்கும். அது மேலே ஏறும் வாயு. கீழே ஆரம்பித்தால் ஒழுகுவது எந்த மூட்டு என்றே புரியாது. இத்தனையும் செய்து, அறைச் சூட்டில் கம்மென்று இருந்த மூட்டு, குளிர்ந்தபின் ஒழுகும். 2.17 கெல்வினுக்குக் கீழே ஹீலியம் மீபாய்மம், அதாவது பிசுக்கே இல்லாமல் பாயும் திரவம், ஆகிவிட்டால் கண்ணுக்கே தெரியாத இடுக்கு போதும் அதற்கு. எந்த லைனில் அழுத்தம் கூட்டினால் வேக்குவம் கெடுகிறது என்று ஒவ்வொன்றாகத் துப்பறிய வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த வேலையே இதுதான். வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

செவ்வந்தி:

அண்ணன் காதலில் பேசுகிறார். நான் இதே துறையில் பிஎச்.டி. முடித்தவள், கொஞ்சம் கணக்குப் பேசுகிறேன். ஃபிரிட்ஜ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இன்னும் பெட்டி பிரிக்காத ஃபிரிட்ஜை நம்பி ஆய்வேட்டை எழுத ஆரம்பிக்காதீர்கள். டெக்னீஷியன் இருக்கிறாரா? ஒரு தடவை குளிர்வித்து, அளந்து, சூடாக்கி முடிக்க எத்தனை வாரம்? எல்லாவற்றையும் விட முக்கியம்: நீங்கள் கட்டிய டிடெக்டரின் தரவை நீங்களே அலச விடுவார்களா? கட்டுவது ஒருவர், கட்டுரை எழுதுவது அடுத்து வருபவர் என்று ஓடும் குழுக்கள் உண்டு. அங்கேதான் ஆள் மெக்கானிக் ஆகிறார், பம்ப்பினால் அல்ல.

வெளியே வேலை இல்லை என்பது பழைய கதை. மீக்கடத்திக் குவாண்டம் கணினிகள், மில்லிகெல்வின் குளிரைத் தரும் இதே டைல்யூஷன் ஃபிரிட்ஜுக்குள்தான் தொங்குகின்றன.

முகில்:

நன்றி அண்ணா, அக்கா. சீனியரிடம் கேட்டேன். ஃபிரிட்ஜ் ஓடுகிறதாம், டெக்னீஷியன் கிடையாதாம். தரவு யாருக்கு என்றதற்கு மட்டும் "அதெல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்றார்.

செவ்வந்தி:

அதை அவரிடம் விடாதீர்கள். சேருமுன் வழிகாட்டியிடமே கேளுங்கள், மின்னஞ்சலில். பதில் எழுத்தில் இருக்கட்டும்.