மறு: கோல்ட் ஏர் இன்டேக் – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

> ‘குளிர்காற்று உள்ளிழுப்பான்’ என்றே வைக்கலாமே. சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

பொருந்துகிறது ஐயா. ஆனால் அந்தப் பெயர் படிப்பவரைத் தவறான இடத்துக்குக் கூட்டிப்போகும். கோல்ட் ஏர் இன்டேக் என்பது பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றுக்குப் பதிலாக வெளிக்காற்றை எஞ்சினுக்குக் கொண்டுவரும் அமைப்பு. அப்பாவின் பழைய பெட்ரோல் அம்பாசிடருக்கு இதை நானே செய்து மாட்டினேன், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அந்த 1489 சிசி எஞ்சினில், காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்பரேட்டரும், சூடான புகையைச் சைலன்சருக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டுக் குழாயும் ஒரே பக்கம் இருக்கின்றன. காற்றை வடிகட்டி கார்பரேட்டருக்கு அனுப்பும் ஏர் கிளீனர் இழுப்பதெல்லாம் அந்தச் சூட்டில் வெந்த காற்று. வெளியே 36 டிகிரி, பானெட்டுக்குள் 65 டிகிரி என்று வையுங்கள். உள்ளே இருக்கும் காற்றின் அடர்த்தி 8, 9 சதவீதம் குறைந்துவிடும், இழுவையும் அதற்கேற்பக் குறையும். டிங்கரிடம் சொல்லி ஏர் கிளீனரைச் சுற்றி ஒரு தகரப் பெட்டி அடித்தேன். அதிலிருந்து முன் கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்குப் பக்கவாட்டில் வாய் வைத்து ஒரு ஹோஸ். மேனிஃபோல்டின் சூடு பெட்டியில் ஏறாமல் நடுவே ஒரு தகரத் தடுப்பு. அவ்வளவுதான்.

இதில் காற்றைக் குளிர வைக்கும் பாகம் எதுவும் இல்லை. சித்திரையில் உள்ளே போவது 40 டிகிரி அனல்காற்றுதான். ‘குளிர்காற்று’ என்று எழுதினால் ஏசியோடு ஏதோ சம்பந்தம் என்று நினைப்பார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கார்பரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது தொண்டைப்பகுதி சில்லிட்டுப்போகும். காற்றில் ஈரம் அதிகமிருந்தால், வெளியே 10 டிகிரி இருக்கும்போதுகூட உள்ளே பனி படிந்து எஞ்சின் திணறும். குளிர்நாடுகளில் ஓடிய பழைய கார்களின் ஏர் கிளீனரில், குளிர்காலத்தில் மேனிஃபோல்டுப் பக்கமிருந்து சூடான காற்றை எடுக்கவே தனி நிலை வைத்தார்கள். மார்கழி விடியலில் ஊட்டியில் வண்டி எடுப்பவருக்கும் இது பொருந்தும். பெயரிலேயே ‘குளிர்’ இருந்தால், எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லது என்றல்லவா தோன்றும்?

ஆகவே காற்று எங்கிருந்து வருகிறது என்பதைப் பெயர் சொல்லட்டும். என் முன்மொழிவு: வெளிக்காற்றுத் தூம்பு. ஏரித் தண்ணீரைப் பாசனத்துக்கு வெளியே விடும் ஏரித் தூம்பு நமக்குத் தெரிந்ததுதானே. குமிழித்தூம்பு என்று கல்வெட்டுகளிலும் உண்டு. வாய், உள்ளே ஓடும் வழி, போய்ச் சேரும் இடம் எல்லாம் சேர்ந்தது தூம்பு. இங்கேயும் வாய், ஹோஸ், பெட்டி சேர்ந்த முழு அமைப்புக்குத்தான் பெயர் வேண்டும். ‘குழல்’ என்றால் ஹோஸ் மட்டும்தான் நினைவுக்கு வருகிறது.

> எங்கள் ஊரில் தூம்பு என்றால் சாக்கடை போகும் ஓட்டை.

இது நியாயமான தடை. ஆனால் முன்னால் ‘வெளிக்காற்று’ நிற்கும்போது அந்த நினைப்பு எழாது என்று நம்புகிறேன்.

> பட்டறையில் யார் இப்படிச் சொல்லப்போகிறார்கள்?

அங்கே ‘ஏர் கிளீனர் ஹோஸ்’தான், அது அப்படியே இருக்கட்டும். செய்முறை எழுதும்போதுதான் நமக்குச் சொல் தேவைப்படுகிறது. இந்த வாக்கியத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்:

“வெளிக்காற்றுத் தூம்பு பொருத்தியபின் காற்றின் அடர்த்தி கூடுவதால் கலவையில் பெட்ரோல் சற்றுக் குறையும். எஸ்யூ வகைக் கார்பரேட்டரின் அடியிலுள்ள, பெட்ரோல் அளவை மாற்றும் ஜெட் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழ்நோக்கித் திருகி, ஸ்பார்க் பிளக் முனையின் வெளுப்பு மாறிக் காப்பி நிறம் வரும்வரை சரிபார்க்கவும்.”

எனக்கு இடறவில்லை. ‘உள்ளிழுப்பான்’ போட்டுப் படித்தபோது ஆஸ்துமாக்காரர் கையில் வைத்திருக்கும் கருவிதான் கண்ணில் வந்தது.

கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன. வண்டி ஓடும் வேகத்தில் எதிரே மோதும் காற்றை வாங்குவது எதிர்காற்றுத் தூம்பு. எதிர்காற்று சைக்கிள் மிதித்த எல்லோருக்கும் தெரிந்த சொல். பனிக்காலத்துக்கானது வெப்பக்காற்றுத் தூம்பு. கார்பரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குப் பிரிந்து போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டுக்கு ‘கிளைத்தூம்பு’ என்று யோசித்தேன், அதில் மட்டும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. கார்பரேட்டருக்கு அப்புறம் அதில் போவது வெறும் காற்றல்ல, பெட்ரோல் கலந்த காற்று. அது பெயரில் தெரிய வேண்டுமா?

அன்புடன்.