புதுப்பிப்பு: லண்டன் ரூட்மாஸ்டர் பயணம் நடந்துவிட்டது

லண்டனின் பழைய சிவப்பு இரட்டை மாடி பஸ்ஸான ரூட்மாஸ்டர் ஒன்றை ஒரு நாள் வாடகைக்குப் பிடித்துச் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம், வருகிறீர்களா என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பதினெட்டு பேர் போய் வந்தோம்.

பஸ் தடம் 159தான் வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். 2005 டிசம்பர் 9 அன்று ரூட்மாஸ்டரின் அன்றாட ஓட்டம் முடிந்தது அந்தத் தடத்தில்தான். மார்பிள் ஆர்ச்சில் ஏறி, வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் தாண்டி பிரிக்ஸ்டன் வரை போனோம்.

போகும்போது நான், ஏறி இறங்கும் பின்பக்கத் திறந்த மேடையை விட்டு நகரவில்லை. அந்த வெள்ளைக் கம்பியில் எத்தனை கைகள் பட்டிருக்கும்! கூரையோரம் ஓடும் கயிற்றைக் கண்டக்டர் இரண்டு முறை இழுத்தார். மணி 'டிங் டிங்' என்றதும் வண்டி கிளம்பியது. சிக்னலில் நிற்கும்போது ஜன்னல் கண்ணாடிகள் மெல்ல அதிர்ந்தன. உடம்பு அலுமினியம் என்பதால் இவ்வளவு பெரிய வண்டி ஏழரை டன்னுக்குள் அடங்கிவிடுகிறது. அறுபது வருடம் கழித்தும் ஓடுவதில் அதற்கும் பங்குண்டு என்பது என் எண்ணம்.

மழையால் கென்னிங்டனில் படம் சரியாக வரவில்லை. ஆனால் பிரிக்ஸ்டனில் எங்களை இறக்கிவிட்டு, ஓட்டுநர் வண்டியை ஒரு சுற்று சுற்றிக் கொண்டுவந்தார். ஈரச் சாலையில் சிவப்பு நிழல் விழ, அது வளைந்து வந்த அந்தப் படம் போதும் எனக்கு.

அப்புறம், மீதிப் பணத்தை இந்த வாரம் அனுப்பிவிடுகிறேன்.