அம்மாயி வீட்டுக் குழு: சனிக்கிழமை டிரம்

உமா, காலை 6.42
குமாரு, அந்த நீல டிரம் உங்கள் வீட்டில்தானே இருக்கிறது? சனிக்கிழமை வேண்டும்

செல்வி அக்கா, 6.44
எதற்கு

உமா, 6.47
கவினுக்குச் சனி, ஞாயிறு கபடி டோர்னமென்ட். ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டம் வருமாம். ஆட்டம் முடிந்ததும் பையன்களை ஐஸ் தண்ணீரில் உட்கார வைத்தால் கால் பிடிக்காது என்று கோச் சொல்கிறார். வீட்டுக்கு 150 ரூபாய், டிரம் இருக்கிறவர்கள் டிரம். இவன் எங்கள் மாமா வீட்டில் இருக்கிறது என்று கையைத் தூக்கிவிட்டு வந்திருக்கிறான்

சுதா, 6.51
அண்ணி, அதில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேனே. அடுத்து குழாயில் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்

செல்வி அக்கா, 6.52
அது யார் டிரம் என்று முதலில் பேசுங்கள். பிரியாவுக்குச் சீர் செய்தபோது அப்பா வாங்கியது

பிரியா, 6.52
அம்மா ப்ளீஸ்

குமார், 6.53
ஆரம்பித்தாயிற்று

ராஜண்ணன், 7.05
டிரம் கிடக்கட்டும், கணக்கைப் பாருங்கள். பையன் இறங்கி உட்கார்ந்தால் அதில் ஒரு 150 லிட்டர் தண்ணீர்தான் நிற்கும். தண்ணீர் 28 டிகிரி என்று வைத்துக்கொள்வோம், அதை 15க்குக் கொண்டுவர வேண்டும், அதாவது 13 டிகிரி இறங்க வேண்டும், 1950 கிலோகலோரி. ஒரு கிலோ ஐஸ் உருகுவதற்கு 80, உருகின தண்ணீர் 15 டிகிரிக்கு ஏற இன்னொரு 15, ஆக 95. வகுத்தால் 20 கிலோவுக்குச் சற்று மேல். இது முதல் பையனுக்கு மட்டும். அவன் உடம்புச் சூடு தண்ணீரில் இறங்கும், வெயில் வேறு, அடுத்தவனுக்கு மறுபடியும் கொட்ட வேண்டும். 12 பேர் இருக்கிறார்கள். 150 ரூபாய் எந்த மூலைக்கு?

குமார், 7.06
அண்ணா நான் இன்னும் பல் விளக்கவில்லை

கவின், 7.08
பெரிய மாமா, பெரிய பிளேயர்ஸ் எல்லாருமே செய்கிறார்கள். ரீல்ஸில் வருகிறது

ராஜண்ணன், 7.09
உனக்கு ஸ்கூல் இல்லையா

செல்வி அக்கா, 7.15
ஐஸ் எங்கே வாங்குகிறார்கள்? மீன் மார்க்கெட் ஐஸா?

உமா, 7.16
தெரியவில்லை அக்கா. ஐஸ் பார் சொல்லியிருக்கிறார்களாம்

பிரியா, 7.20
சித்தி, ஐஸைவிட எனக்கு அந்த ஒரே டிரம்தான் பயம். கபடிப் பையன்கள் முட்டி, முழங்கை எல்லாம் உரிந்துதான் இருக்கும். ஒரே தண்ணீரில் ஒவ்வொருவனாக இறங்கினால் ஒருத்தன் புண் எல்லாருக்கும் வரும்

அம்மாயி, 7.24
(குரல் பதிவு, 1 நிமிடம் 12 நொடி)

செல்வி அக்கா, 7.27
கேட்காதவர்களுக்கு: அம்மா திட்டுகிறார். வேர்த்து வந்த பிள்ளையை யாராவது ஐஸில் போடுவார்களா, வெந்நீர் வைத்து நல்லெண்ணெய் தேய்த்து விடு என்கிறார். அப்புறம் திங்கட்கிழமை ஆடி 18, மேட்டூருக்கு யார் கூட்டிப் போகிறீர்கள் என்று கேட்கிறார்

குமார், 7.28
மேட்டூரில் காவிரியில் முங்கினால் மட்டும் சளி பிடிக்காதாம்

சுதா, 7.28
அத்தை இதைப் படிக்க மாட்டார் என்று தைரியம்

ராஜண்ணன், 7.41
நேற்று ராத்திரி இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். ஐஸ் குளியல் சும்மா ஏமாற்று வேலை இல்லை. 2012இல் காக்ரேன் என்கிற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பு ஒன்று வந்தது, 17 சிறிய ஆய்வுகள், மொத்தம் 366 பேர். சும்மா ஓய்வெடுத்தவர்களைவிடத் தண்ணீரில் இறங்கினவர்களுக்கு அடுத்த நாலு நாளும் வலி கொஞ்சம் குறைவு. ஆனால் 2015இல் ஆஸ்திரேலியாவில் 12 வாரம் பளு தூக்க வைத்துப் பார்த்தார்கள். ஒரு கூட்டம் ஒவ்வொரு முறையும் முடித்ததும் 10 நிமிடம் குளிர்ந்த தண்ணீரில், இன்னொரு கூட்டம் லேசாக சைக்கிள் மிதித்தது. தண்ணீரில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தசையும் பலமும் குறைவாக ஏறியது. வலி என்பது தசை தன்னைச் சரிசெய்துகொள்கிற வேலையோடு வருவது, தினமும் அதை அணைத்தால் வேலையும் சேர்ந்து அணைகிறது. அதனால் அடுத்தடுத்து ஆட்டம் இருக்கிற நாளில் செய்யலாம், தினசரி பிராக்டீஸுக்கு வேண்டாம். இதில் இருந்தவர்கள் யாரும் 14 வயதுப் பையன்கள் கிடையாது என்பதையும்

ராஜண்ணன், 7.41
கை பட்டுப் போய்விட்டது. கிடையாது என்பதையும் பார்க்க வேண்டும்

குமார், 7.43
👍

செல்வி அக்கா, 7.43
👍

பிரியா, 7.46
மாமா சொல்வது சரி. சின்னப் பையன்களுக்கு எடையோடு பார்த்தால் தோல் பரப்பு அதிகம், சீக்கிரம் குளிர்ந்துவிடுவார்கள். ஐஸ் மிதக்கிற அளவுக்கு எல்லாம் வேண்டாம். 15 டிகிரியே போதும், இடுப்பு வரைக்கும், ஐந்து நிமிடம், பக்கத்தில் ஒரு பெரியவர். நடுங்க ஆரம்பித்தால் வெளியே. தலையை முக்கவே கூடாது

பிரியா, 7.47
சித்தி, கவினுக்கு வீசிங் இருந்ததே. கோச்சுக்குத் தெரியுமா?

உமா, 7.58
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி அக்கா, 7.59
என்ன போட்டாய்

உமா, 8.01
சொல்லவில்லை. சொன்னால் டீமிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று அவன் அப்பாதான். இரண்டு வருடமாக பம்ப் எடுக்கவே இல்லை

ராஜண்ணன், 8.02
இதில் ஒளிக்க என்ன இருக்கிறது உமா? ஜில்லென்ற தண்ணீரில் இறங்கின முதல் ஓரிரு நிமிடம் மூச்சு தூக்கி வாங்கும், நெஞ்சு படபடக்கும், நல்ல உடம்புக்கே அப்படித்தான்

கவின், 8.03
எனக்கு ஒன்றும் இல்லை

பிரியா, 8.04
நீ இறங்காதே. நனைந்த துண்டில் ஐஸ் சுற்றித் தொடையில் வைத்துக்கொள். ஆட்டங்களுக்கு நடுவில் தண்ணீர், வாழைப்பழம். ராத்திரி போனைக் கொடுத்துவிட்டுத் தூங்கு, அதுதான் பெரிய ரெக்கவரி

கவின், 8.04
டீம் முழுக்க இறங்கும், நான் மட்டும் துண்டா?

குமார், 8.05
எல்லாரையும் ஏற்காட்டுக்கு ஏற்றிக் கிளியூர் அருவியில் நிறுத்திவிடலாம், ஐஸ் செலவு மிச்சம்

சுதா, 8.06
போன தடவை ஏற்காடு போனபோது வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தது யார் என்று ஞாபகம் இருக்கிறதா

குமார், 8.06
அது தட்டுவடை செட் சரியில்லை

உமா, 8.20
அவர் கோச்சிடம் பேசுகிறேன் என்கிறார். எப்போது என்று சொல்லவில்லை

ராஜண்ணன், 8.21
நான் பேசட்டுமா

உமா, 8.21
வேண்டாம் அண்ணா

சுதா, 8.30
அண்ணி, டிரம்மை வெள்ளிக்கிழமை காலி செய்து தருகிறேன். ஞாயிறு ராத்திரி வந்துவிட வேண்டும்

செல்வி அக்கா, 8.31
எங்கே வர வேண்டும் என்பதையும் சொல்லிவிடு

பிரியா, 8.31
அம்மா!!

ராஜண்ணன், 8.40
தெர்மாமீட்டர் என்னிடம் இருக்கிறது, பழைய லேப் தெர்மாமீட்டர், 110 டிகிரி வரை. யாராவது வந்து வாங்கிக்கொள்ளுங்கள். உடைக்கக் கூடாது, உள்ளே பாதரசம்

உமா, 8.41
உடையாததாக ஒன்று வாங்கிக்கொள்கிறோம் அண்ணா

செல்வி அக்கா, 9.10
மேட்டூர் வண்டிக்கு எத்தனை பேர்? டிரைவர் கேட்கிறார்

குமார், 9.14
ஞாயிறு ஃபைனலுக்கு வந்தார்களா இல்லையா பார்த்துவிட்டுச் சொல்கிறேன்

செல்வி அக்கா, 9.15
அதுவரை டிரைவர் காத்திருப்பாரா? அம்மாவும் நானும் இரண்டு பேர் என்று சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் அப்புறம் கேளுங்கள்