மழை விட்ட பிறகு வந்த காற்று: பட்டவர்கள் எழுதுங்கள்

முத்தையன்கட்டான்:

இங்கே புரெவிப் புயல் இரவைப் பற்றி எழுதியவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரே மாதிரித்தான் சொல்கிறீர்கள், மழை பலக்கக் காற்றும் பலத்தது, மழை ஓயக் காற்றும் ஓய்ந்தது என்று. 2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறி வன்னிப் பக்கமாக மன்னார் நோக்கிப் போன புயல் அது, கடல் சூட்டில் வளர்ந்தது. நான் எழுதப்போவது வேறு இனம்.

இங்கிலாந்தின் தெற்கில் வளிமண்டலவியல் படித்துக்கொண்டிருந்தபோது, 2022 பெப்ரவரி 18 அன்று யூனிஸ் என்ற புயல் வந்தது. அதற்கு முதல் நாளே தென்மேற்குக் கரைக்குச் சிவப்பு எச்சரிக்கை, விடியப்புறம் லண்டன் பக்கத்துக்கும். காலையில் மழை பெய்து நின்றது, முகில் விலகி நல்ல வெயில் எறித்தது. பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக் குப்பைவாளியை நிமிர்த்தி வைக்க வெளியே வந்தார். அதற்குப் பிறகுதான் காற்று அடித்தது. அவருடைய பலகை வேலி உடனே விழவில்லை, நடுவில் வெளிப்பக்கமாக வீங்கி, ஆணி ஒவ்வொன்றாகக் கழன்று, கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு ஒரே தட்டாகத் தோட்டத்துக்குள் வந்து கிடந்தது. லண்டன் ஓ2 அரங்கின் கூரைச் சீலையைக் கிழித்ததும் அதே நாள்தான். ஒயிட் தீவின் நீடில்ஸ் முனையில் மணிக்கு 196 கிலோமீற்றர் வீச்சு பதிவானது, அதுவரை இங்கிலாந்தில் அளந்ததில் அதுவே உச்சம். அது உயரமான பாறை முனை, ஊர்மனைக்குள் அவ்வளவு இல்லை, அதையும் சொல்லவேண்டும்.

வெயில் எறிக்கும்போது ஏன் இந்த அடி? இங்கிலாந்து இருக்கிற நடு அகலாங்குப் பக்கத்துப் புயலுக்குத் தீனி வடக்குக் குளிருக்கும் தெற்குச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான். செய்மதிப் படத்தில் ஒரு நீண்ட முகில் பட்டை இருக்கும், தாழமுக்கத்தின் மேற்குப் பக்கத்தில் இன்னொரு முகில் கூட்டம் தேள் வாலைப் போல் சுருண்டு நிற்கும். இரண்டுக்கும் இடையில் உலர்ந்த காற்று புகுந்த, முகில் இல்லாத இடைவெளி. அந்த வால் நுனியில் மூன்று முதல் ஐந்து கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிற காற்று சில மணித்தியாலத்துக்குள் சரிந்து கீழே இறங்கும். இறங்குகிற வழியில் முகிலின் பனியும் துளியும் ஆவியாகி அந்தக் காற்றைக் குளிரவைக்கும், குளிர்ந்தால் பாரம், பாரமென்றால் இறக்கம் இன்னும் கூடும். தரைக்கு வரும்போது சில பத்துக் கிலோமீற்றர் அகலப் பட்டையில் மட்டும் பேய்க்காற்று, பக்கத்து மாவட்டத்தில் சாதாரணக் காற்று. இதற்கு ஸ்டிங் ஜெட் என்று பெயர், ஸ்டிங் என்றால் தேளின் கொடுக்கு. 1987 ஒக்டோபரில் ஒரே இரவில் தென் இங்கிலாந்தில் ஒன்றரைக் கோடி மரம் சாய்த்த புயலைத் திரும்ப ஆராய்ந்து, 2004இல் பிரித்தானிய வளிமண்டலவியலாளர் கீத் பிரவுணிங் இதை எழுதினார். யூனிஸிலும் இது இருந்ததைப் பிறகு வந்த ஆய்வுகள் காட்டின.

அளம்பில் கரை:

எங்கட மாமி 64 மார்கழிப் புயலைத்தான் இன்னும் சொல்லுவா, தனுஷ்கோடியை அழித்துவிட்டுப் போனதே, அதற்கு முதல் வன்னியால் தான் போனது. அதில் மழையும் காற்றும் ஒன்றாகத்தானாம். ஆனால் தம்பி, மழைக்கு முதலே வந்த காற்றை நான் பார்த்திருக்கிறேன். சித்திரை மாதம், பின்னேரம், உடம்பெல்லாம் புழுங்கிக்கொண்டிருந்தது. வடமேற்கில் முகில் கறுத்து இடித்தது, மழை இன்னும் எங்கள் பக்கம் வரவில்லை. திடீரென்று ஒரு குளிர் பட்டது, வெயர்வை காய்ந்தது, அடுத்த நிமிடம் வாடியின் தகரம் இரண்டு பனை தாண்டிப் போய் விழுந்தது. மழை அதற்குப் பிறகு வந்து சும்மா நாலு துளி. அதுவும் உங்கட கொடுக்குத்தானா?

முத்தையன்கட்டான்:

இல்லை அக்கா, ஆனால் வேலை செய்கிற விதம் ஒன்றுதான். இடிமுகிலிலிருந்து விழுகிற மழை கீழே உள்ள உலர்ந்த காற்றில் ஆவியாகி, காற்று குளிர்ந்து பாரமாகி நேராகத் தரையில் கொட்டும், பிறகு நாலு பக்கமும் பரவும். நீங்கள் உணர்ந்த அந்தக் குளிர்தான் அது. சில கிலோமீற்றருக்குள் முடிந்துவிடும், சில நிமிடந்தான். ஸ்டிங் ஜெட்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் சுற்றுகிற ஒரு புயலே வேண்டும், 9 பாகை அகலாங்கில் இருக்கிற எங்களுக்கு அந்தக் குளிர் சூட்டு வித்தியாசம் கிடையாது.

வவுனியா வாத்தி:

உயர்தரப் பிள்ளைகளுக்கு மறைவெப்பம், அதாவது நீர் ஆவியாகும்போது இழுத்துக்கொள்ளும் வெப்பம், படிப்பிக்க அக்கா சொன்ன தகரம் போதும், நன்றி. ஒரு கேள்வி: வானத்திலே இறங்குகிற காற்றை எப்படி அளந்தார்கள்? இன்னொன்று, மன்னார் தம்பபவனியில் நிற்கிற 30 காற்றாலையும் இப்படி ஒன்று வந்தால் தாங்குமா?

முத்தையன்கட்டான்:

விமானத்தைக் கொண்டுபோய் உள்ளேயே விட்டார்கள் சேர். 2011 டிசம்பர் 8, ஸ்கொட்லாந்துக்குப் பக்கத்தில் ஃப்ரீட்ஹெல்ம் என்ற புயல். பிரித்தானிய ஆய்வு விமானம் அந்த முகில் சுருளுக்குள் போய், பரசூட் கட்டிய சிறு கருவிகளை மேலிருந்து போட்டது, அவை விழுந்துகொண்டே வெப்பநிலை, ஈரப்பதன், காற்று எல்லாவற்றையும் ரேடியோவில் அனுப்பும். ராடரில் மழை தெரியும், காற்று மட்டும் வீசுகிற இடம் தெரியாது, அதனால்தான் இவ்வளவு பாடு. அன்று ஸ்கொட்லாந்தின் கெயர்ன்கோர்ம் மலை உச்சியில் மணிக்கு 265 கிலோமீற்றர் வீச்சு. அங்கேயே ஆட்ரோசன் என்ற ஊரில் ஒரு காற்றாலை நின்ற நிலையிலேயே பற்றி எரிந்தது, அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெரிய காற்றாலைகள் பொதுவாக வினாடிக்கு 25 மீற்றர், அதாவது மணிக்கு 90 கிலோமீற்றர் அளவில் தாங்களாகவே இறக்கையைத் திருப்பி நிறுத்திவிடும். மன்னாருக்கு அந்தக் கொடுக்கு வராது, அங்கே பயப்படவேண்டியது வங்கக் கடல் புயலுக்குத்தான்.

செய்மதிப் படம் பார்க்க விருப்பமுள்ள பிள்ளைகளிடம், வட அத்திலாந்திக்கில் மாரிகாலப் படத்தைத் திறந்து அந்த வால் நுனியை மட்டும் தொடர்ந்து பார்க்கச் சொல்லுங்கள் சேர். நுனி கீற்றுக் கீற்றாகப் பிரிந்து, பிறகு கரைந்து காணாமற்போனால், கீழே இறக்கம் நடக்கிறது என்று சந்தேகப்படலாம்.