டயர் விளக்கு எரிகிறதா? ரீசெட் பட்டனைத் தேடுவதற்கு முன்

கனடாவில் முதல் குளிர்காலத்தைச் சந்திக்கும் தம்பி தங்கைகள் ஜனவரி பிறந்ததும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். காலையில் வண்டியை எடுத்தால் மீட்டரில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிகிறது. குதிரை லாடம் போல ஒரு வடிவம், உள்ளே ஆச்சரியக்குறி. டயரில் காற்று குறைந்தால் எரியும் விளக்கு அது. "அண்ணா, இதை எப்படி ரீசெட் செய்வது?"

செய்யலாம், இரண்டு நிமிட வேலைதான். ஆனால் காற்றைப் பார்க்காமல் அந்தப் பட்டனைத் தொடாதீர்கள். நான் தொட்டேன்.

ஸ்கார்பரோவில் குடியேறிய முதல் ஜனவரி, வாங்கி மூன்று மாதமே ஆன பழைய டொயோட்டா கொரோலா. விளக்கு எரிந்தது. உடன் வேலை செய்த ஒருவர், "குளிருக்கு அப்படித்தான் வரும், பட்டனை அழுத்திவிடு" என்றார். அழுத்தினேன், அணைந்தது. மார்ச்சில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதே என்று மெக்கானிக்கிடம் காட்டினேன். பின் வலது டயரில் ஆணி. கதவு ஸ்டிக்கர் 33 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) கேட்கும் வண்டியில் அந்த டயரில் 20-தான் இருந்தது. இரண்டு ஓரங்களும் தேய்ந்து போயிருந்தன. அந்த டயர் இருந்த பக்கம்தான் என் மகளின் கார் சீட். அதே டயரோடு 401 நெடுஞ்சாலையில் தினமும் 100 கிலோமீட்டர் வேகத்தில் போய் வந்திருக்கிறோம் என்பதை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

விளக்கு ஏன் எச்சரிக்கவில்லை? பல வண்டிகளில், டொயோட்டாவிலும்தான், ரீசெட் என்பது "இப்போது இருக்கும் அழுத்தம்தான் சரியானது, இதை நினைவில் வைத்துக்கொள்" என்று வண்டிக்குச் சொல்வது. அதிலிருந்து ஏறக்குறைய கால் பங்கு குறைந்தால்தான் அது மறுபடி எச்சரிக்கும். 25-ஐச் சரி என்று கற்றுக்கொண்ட வண்டி 19 வரை இறங்கினாலும் வாய் திறக்காது.

குளிரில் ஏன் எரிகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். வெப்பம் 5, 6 டிகிரி செல்சியஸ் குறைந்தால் டயரில் சுமார் ஒரு பிஎஸ்ஐ குறையும். அக்டோபரில் 15 டிகிரியில் 33 அடித்தீர்கள். ஜனவரிக் காலை மைனஸ் 20. அதிலேயே 6 போய்விட்டது. எந்த டயரும் தானாகவே மாதம் ஒரு பிஎஸ்ஐ அளவுக்குக் காற்றை இழக்கும்; அதையும் சேர்த்தால் 24, 25-க்கு வந்துவிடுகிறது. அங்கேதான் விளக்கு விழிக்கிறது. கொஞ்ச தூரம் ஓட்டியதும் டயர் சூடாகி விளக்கு அணைந்துவிடும். சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், மறுநாள் காலை மறுபடி எரியும்.

சரி, காற்று எவ்வளவு அடிப்பது? ஓட்டுநர் கதவைத் திறந்தால் பக்கத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ள எண்தான் கணக்கு. டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் 44, 51 போன்ற எண்கள் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்து அடித்துவிடாதீர்கள். இங்குள்ள ஸ்டிக்கர்களில் கிலோபாஸ்கலும் இருக்கும். 230 என்று பார்த்துப் பயப்பட வேண்டாம், அது 33 பிஎஸ்ஐ. முன் டயருக்கும் பின் டயருக்கும் எண் வேறாக இருக்கலாம்.

அளப்பது டயர் ஆறியிருக்கும்போது. அதாவது மூன்று மணி நேரமாவது நின்ற வண்டி, அல்லது ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடாத வண்டி. நம்மூர் பங்க்கில் வண்டியை நிறுத்தினால் ஒருவர் வந்து காற்றடித்துக் கொடுப்பார். இங்கே நாமேதான் குனிய வேண்டும், சில்லறையும் போட வேண்டும், மைனஸ் 20-இல் அந்தக் குழாய் பல இடங்களில் உறைந்தும் கிடக்கும். அதனால் குளிர் தொடங்கும் முன்பே ஒரு பிரஷர் கேஜும், காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் சிறிய கம்ப்ரசரும் வாங்கிவிடுங்கள். புது நாட்டில் செலவுகள் நெருக்கும், தெரியும். இதில் மட்டும் சேமிக்க வேண்டாம்.

நான்கு டயரிலும் காற்றைச் சரிசெய்த பிறகுதான் ரீசெட். வண்டி நிற்க வேண்டும், இக்னிஷன் ஆனில் இருக்க வேண்டும். பழைய டொயோட்டாக்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு பட்டன் இருக்கும். விளக்கு மெதுவாக மூன்று முறை சிமிட்டும் வரை அழுத்திப் பிடியுங்கள். பல ஹோண்டாக்களில் டயருக்குள் சென்சாரே கிடையாது. காற்று குறைந்த டயர் சற்று வேகமாகச் சுழலும். பிரேக்குக்கான ஏபிஎஸ் அமைப்பில் சக்கர வேகத்தை அளக்கும் சென்சார் அதைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறது. அவற்றில் மெனுவுக்குள் போய் டிபிஎம்எஸ் (டயர் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பு) கேலிப்ரேஷன் கொடுக்க வேண்டும். அப்புறம் மொத்தமாக அரைமணி நேரம் ஓட்டினால்தான் கற்று முடிக்கும். பல மாஸ்டாக்களும் இந்த வகைதான். இந்த வகையில் ஒரு பலவீனம் உண்டு: குளிரில் நான்கு டயரும் ஒரே அளவு இறங்கினால் அதற்குப் பிடிபடுவது கடினம். விளக்கு எரியாவிட்டாலும் மாதம் ஒருமுறை கேஜ் வைத்துப் பாருங்கள். மற்ற வண்டிகளுக்கு மேனுவலைத் திறப்பதே நல்லது. பல வண்டிகளில் ரீசெட்டே தேவைப்படாது, காற்றடித்துச் சிறிது தூரம் ஓட்டினால் தானாக அணையும்.

விளக்கு தொடர்ந்து எரிந்தால் காற்று குறைவு. வண்டியைக் கிளப்பியதும் ஒரு நிமிடத்துக்கு மேல் சிமிட்டிவிட்டு அப்புறம் நிலையாக எரிந்தால் காற்றைக் குறை சொல்லாதீர்கள், அமைப்பிலேயே கோளாறு. பெரும்பாலும் டயருக்குள் இருக்கும் சென்சாரின் பேட்டரி தீர்ந்திருக்கும். 5 முதல் 10 ஆண்டுகள்தான் வரும், பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது. இதை ரீசெட் சரி செய்யாது. புது சென்சார் போட்டால் அதை வண்டியோடு அறிமுகப்படுத்தும் கருவி கடைக்காரரிடம் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

விண்டர் டயரை, அதாவது குளிர்காலத்துக்கென்றே மாற்றும் டயரை, தனி ரிம்மில் மாட்டுபவர்களுக்கும் இந்தச் சிமிட்டல் வரும், அந்த ரிம்களில் சென்சார் இல்லாவிட்டால். கனடாவில் டிபிஎம்எஸ் சட்டப்படி கட்டாயமில்லை. அமெரிக்காவில்தான் 2000-இல் வந்த சட்டத்தைத் தொடர்ந்து 2007 செப்டம்பர் முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது. சென்சார் இல்லாமல் குளிர்காலத்தை ஓட்டலாம். ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கேஜ் பிடிக்க வேண்டும். செலவைப் பார்த்து விண்டர் டயரையே தள்ளிப்போட மட்டும் வேண்டாம். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லையென்றாலும் 2016 முதல் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் அதற்குத் தள்ளுபடி தந்தாக வேண்டும், கேட்டு வாங்குங்கள். கியூபெக்கில் குடியிருந்தால் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம்.

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் இதையும் கவனியுங்கள். சாவியை ஆனில் வைத்ததும் டயர் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். அந்த வசதி உள்ள மாடலில் விளக்கு எட்டியே பார்க்கவில்லை என்றால் யாரோ அதை முடக்கியிருக்கிறார்கள். விலை பேசும் முன் கேளுங்கள்.

நேற்று பிராம்ப்டனிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார்: ஹைவேயில் இரவில் திடீரென எரிந்தால் என்ன செய்வது? பதறி பிரேக் போடாதீர்கள் அம்மா. வேகத்தை மெல்லக் குறைத்து, அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, வெளிச்சமான பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி நான்கு டயரையும் பாருங்கள். ஒன்று மட்டும் சப்பையாக இருந்தால் பஞ்சர். அதோடு ஓட்ட வேண்டாம். ஸ்டெப்னியை மாற்றலாம் என்று டிக்கியைத் திறந்தால் இங்கே பல புதுக் கார்களில் அது இருக்காது, ஒட்டும் திரவ பாட்டிலும் சிறு பம்ப்பும்தான் இருக்கும். உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று இன்று பகலிலேயே திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். சாலை உதவி எண்ணையும் போனில் ஏற்றி வையுங்கள்.